பதிவேட்டில் அப்பா பெயர் எதற்கு?

வாசகியின் கடிதம்:

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 63. தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். ஊர்க் கிளை நூலகத்தில் ஐந்து வருடமாக வாசகர் வட்டம் நடத்துகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் போலக் கூடுவோம். தவறாமல் வரும் பையன் ஒருவன், கல்லூரிக் கடைசி வருடம். போன மாதம் பஸ் ஸ்டாண்டு வரை என்னுடன் நடந்து வந்தான். தனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு வரவில்லை, ஆண்கள்மேல்தான் வருகிறது என்றான். "உங்ககிட்ட மட்டும்தான் டீச்சர் சொல்லிருக்கேன்" என்றான். எனக்கு வாய் வரவில்லை. முதுகில் தட்டி பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், கதையில் வந்த ஒரு பாத்திரத்தைப் பற்றி "அது ஒம்போது கேஸு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். அது இப்போது உறுத்துகிறது. இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு எங்கள் வட்டம் பயமில்லாத இடமாக இருக்க வேண்டும். வாசலில் வானவில் கொடி வைக்கலாமா? தனிக் கூட்டம் போட்டு அவனையே பேசச் சொல்லலாமா? வெள்ளிக்கிழமைகளில் கடைவீதிக்கு வரும் திருநங்கைகளையும் அழைக்கலாமா? அவன் அப்பா என்னிடம் படித்தவர், நான் பக்குவமாக எடுத்துச் சொல்லட்டுமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கேள்விகளில் இரண்டுக்கு யோசிக்காமலே பதில் சொல்லிவிடலாம். அப்பாவிடம் பேசாதீர்கள். பையனை மேடையேற்றாதீர்கள். மீதிக்கு நிதானமாக வருவோம்.

அப்பா உங்கள் மாணவர், நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் முன்னால் தலையாட்டவும் செய்வார். ஆனால் தன் மகனைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்று ஊரில் இன்னொருவருக்கு முதலில் தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் வீடு போய்ச் சேரும்வரை அவரை அரித்துக்கொண்டே வரும். உங்கள்மேல் கோபப்பட அவரால் முடியாது. அந்தக் கோபம் யார்மேல் இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, "என்னம்மா ஆச்சு என் பொண்ணுக்கு?" என்று அழுதார். நான் ஒன்றும் உடைத்துச் சொல்லவில்லை. "ஒண்ணுமில்லம்மா, கல்யாணத்துக்கு மட்டும் அவசரப்படுத்தாதீங்க" என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அம்மா மீதியைக் கூட்டிக் கழித்துவிட்டார். அடுத்த வாரம் பெண்ணின் கையில் போன் இல்லை. ஒரு மாதத்தில் வேறு ஊரில், அத்தை வீட்டில் வைத்து நிச்சயதார்த்தம். நான்கு வருடம் கழித்து, விவாகரத்து ஆனபிறகு அவள் என்னைப் பார்க்க வந்தாள். என்னைத் திட்டவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அதனால், பக்குவமாகச் சொல்வது என்று ஒன்று இந்த விஷயத்தில் கிடையாது. சொல்வதும் சொல்லாததும் அவன் உரிமை. 22 வயதிலும் சொல்லலாம், 52 வயதிலும் சொல்லாமல் இருக்கலாம்.

முதுகில் தட்டி அனுப்பிவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள். அவன் இப்போது ஒன்றைத்தான் கவனித்துக்கொண்டிருப்பான்: சொன்னதற்கு முன் இருந்த டீச்சரும் சொன்னபின் இருக்கும் டீச்சரும் ஒரே ஆள்தானா என்று. அடுத்தமுறை தனியாக நடக்க வாய்த்தால், "அன்னைக்கு நீ சொன்னது என்கிட்டயே இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்புறம் வழக்கம்போல அவன் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள். திடீரென்று கூடுதல் பிரியம் காட்டுவதுகூட அவனுக்குச் சங்கடமாக இருக்கும்.

சரி, கொடி. சென்னையில் 2009 முதல் வானவில் பேரணி நடக்கிறது. மதுரையிலும் 2012-இல் நடந்தது. ஆயிரம் பேர் நடக்கிற இடத்தில் கொடி ஒரு ஆளைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது. இருபது பேர் வரும் கிளை நூலகத்தில் அப்படி இல்லை. கொடி வைத்த மறுநாளே, அதன் கீழே நுழைகிற ஒவ்வொருவரையும் எதிர்த்த டீக்கடை எண்ணும். உங்கள் வட்டம் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே பெரிய ஒன்றைக் கொடுத்திருக்கிறது: வருவதற்கு ஒரு காரணம். வீட்டில் "எங்கல போற?" என்று கேட்டால் "லைப்ரரிக்கு" என்று அவனால் சொல்ல முடிகிறது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் காசு செலவழித்து உருவாக்கப் பார்த்தும் அமையாத வசதி அது. 'பால்புதுமையினருக்கான சந்திப்பு', அதாவது இவனைப் போன்றவர்களுக்கும் திருநங்கை, திருநம்பிகளுக்குமான கூட்டம் என்று பலகை போட்டு அந்தப் பதிலை அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். கொடிக்கு நான் எதிரி இல்லை. உங்கள் வட்டத்திலேயே நாலு பேர் தாங்களாக வந்து "வைப்போம் டீச்சர்" என்று கேட்கிற நாள் வந்தால் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நானும் வருகிறேன்.

அவனையே பேசச் சொல்வதும் இதே கதைதான். நல்லெண்ணத்தில் நடக்கிற கொடுமை என்று இதைச் சொல்வேன். அவன் உங்களிடம் சொன்னது உங்களுக்காக. அதை இருபது பேருக்குப் பாடம் எடுக்கப் பயன்படுத்த அவன் சம்மதித்தாலும்கூட, நீங்கள் கேட்டதால்தான் சம்மதித்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும். டீச்சர் கேட்டு 'மாட்டேன்' என்று சொல்லும் பிள்ளைகள் நம்மூரில் குறைவு.

இனி, பதிவேட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. ஆனால் நம்மூரில் கூட்டம் என்றால் மேசையில் ஒரு நீளநோட்டு இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், செல்போன் எண், கையெழுத்து என்று கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கேரம்போர்டு போட்டிக்கும் அதே கட்டம், கண்தான முகாமுக்கும் அதே கட்டம். ஒரு கதையைப் பற்றிப் பேச வருகிறவரிடம் தகப்பனார் பெயர் எதற்கு? சான்றிதழில் ஒரு பெயரும் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் ஒன்றுமாக இருக்கிற திருநம்பி ஒருவர், அதாவது பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்கிறவர், அந்த நோட்டின் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். எந்தப் பெயரை எழுதுவார்? பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு முன்பே அப்படி ஒருவர் வந்து, நோட்டைப் பார்த்துவிட்டு, செய்தித்தாள் புரட்டுவதுபோல் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். உங்களுக்குத் தெரியவே வராது. கூப்பிடும் பெயர் மட்டும் போதும் என்று மாற்றிவிடுங்கள். தலைகளை எண்ணி நூலகர் ஒரு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது போட்டோ. கூட்டம் முடிந்ததும் வரிசையாக நிற்க வைத்து ஒரு படம், இரவுக்குள் ஃபேஸ்புக்கில், மறுநாள் மாவட்டப் பதிப்பில் ஒரு மூலையில். இதை விட முடியாது, உறுப்பினர்களுக்கு அது ஒரு சந்தோஷம். ஆனால் எடுப்பதற்கு முன் "படத்துல வேண்டாங்கிறவங்க இந்தப் பக்கம் வந்து டீ ஊத்துங்க" என்று சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கக் கூடாது. டீ ஊற்றுகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. வாட்ஸ்ஆப் குழுவும் அப்படித்தான். அதில் சேர்த்த நொடியே ஒருவர் எண் இருபது பேர் கைக்குப் போய்விடுகிறது. கேட்டுவிட்டுச் சேருங்கள், அல்லது அறிவிப்பை மட்டும் தனியாக அனுப்புங்கள்.

இப்போது உங்களை உறுத்தும் அந்தச் சிரிப்பு. பையன் உங்களிடம் சொன்னது அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் சிரித்ததைப் பார்த்தபிறகும் உங்களிடம் சொல்லியிருக்கிறான் என்றால், உங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை அதே சொல் வந்தால் என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கேட்காததுபோல் இருப்பார்கள், அல்லது பத்து நிமிடம் பிரசங்கம் செய்வார்கள். பிரசங்கம் இன்னும் மோசம். பேச்சு நீள நீள, கூட்டம் ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கும், 'டீச்சருக்கு ஏன் இவ்வளவு கோபம், இங்கே யாராவது அப்படி இருக்காங்களா' என்று. ஒளிந்திருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் நரகம். அதனால் சுருக்கமாக, சாதாரணக் குரலில், "அண்ணாச்சி, அந்தச் சொல்லு வேண்டாம். நீங்க கதையச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூன்று நொடிதான். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்டுவிடும். அண்ணாச்சியோடு பேச வேண்டியதைப் பிறகு தனியாக, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுப் புத்தகம் பேச வருகிற மனிதர், வாங்கிக்கொள்வார் என்றே தோன்றுகிறது.

அவர் "பின்னே என்ன சொல்றது?" என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் சொல் இருக்க வேண்டும். பத்திரிகைகளில் ரொம்ப காலம் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் 'சேர்க்கை'யைப் பாருங்கள், ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் படுக்கைக்குள் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' என்பதில் ஈர்ப்பு இருக்கிறது, உங்கள் பையன் உங்களிடம் சொன்னதும் அதே சொல்தான். உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் 2022-இல் தமிழ்நாடு அரசிதழிலேயே இதற்கெல்லாம் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார்கள். தமிழாசிரியர்கள் யாராவது உங்கள் வட்டத்தில் இருந்தால் ஒரு கூட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். எந்தச் சொல் ஒட்டுகிறது, எது துருத்துகிறது என்று சண்டை போடட்டும். சொல்லைப் பற்றிய சண்டையில் யாரும் அம்பலமாவதில்லை.

கூப்பிடும் முறையிலும் ஒன்று. தமிழில் 'அவர்', 'வாங்க' இருப்பது நமக்குப் பெரிய சௌகரியம், ஆணா பெண்ணா என்று எதுவும் சொல்லாமலே மரியாதையாகப் பேசிவிடலாம். ஆனால் நாம் அதோடு நிறுத்துவதில்லை. முன்பின் தெரியாதவரையும் தம்பி, அண்ணே, அக்கா, பாப்பா என்று உறவாக்கினால்தான் நமக்குத் திருப்தி. தலைமுடியை ஒட்ட வெட்டி, சட்டை போட்டு வருகிறவரை "வாம்மா பொண்ணு" என்று வரவேற்றால் அந்த உபசாரமே அவரைக் குத்தும். "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது. எல்லோரிடமும் கேளுங்கள், புதிதாக வருகிற பேங்க் மேனேஜரிடமும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அதுவே சுட்டிக்காட்டுவதாகிவிடும். கூடவே, "எப்ப கல்யாணச் சாப்பாடு?" என்ற கேள்வியை வட்டத்திலிருந்து நாடு கடத்துங்கள். இது கல்யாணம் தள்ளிப்போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நீங்கள் செய்யும் உபகாரம்.

திருநங்கைகளை அழைப்பது நல்ல யோசனை, ஆனால் எப்படி அழைப்பீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது. நம்மூர் வழக்கம் உங்களுக்கே தெரியும். 'சாதனைத் திருநங்கை' என்று ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு பொன்னாடை, தன் துயரக் கதையைச் சொல்ல இருபது நிமிடம், கைத்தட்டல், பிறகு ஆட்டோவில் அனுப்பிவிடுவது. அடுத்த மாதம் அவருக்கு நாற்காலி இருக்காது. கடைவீதியில் பார்த்துப் பழகியது வேறு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து "இந்தக் கதை உங்களுக்குப் பிடிச்சுதா?" என்று கேட்பது வேறு. விருந்தினராக அழைக்காமல் வாசகராக அழையுங்கள். பேசத்தான் அழைக்க வேண்டும் என்றால் உங்கள் பக்கத்துக் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் திருநங்கைகள் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒருவரை அழைத்து மாட்டுத் தீவன விலையையும் பாலின் கொழுப்புச் சத்தையும் பற்றிப் பேசச் சொல்லுங்களேன். உங்கள் அண்ணாச்சி முதல் ஆளாகக் கேள்வி கேட்பார்.

சட்டத்துக்கு வருவோம். பயப்பட ஒன்றும் இல்லை. தன் பாலினம் எது என்று தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது. வயது வந்த இருவர், ஒரே பாலினத்தவராக இருந்தாலும், மனமொத்துப் பழகுவது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு மட்டும் 2023-இல் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. உங்கள் வட்டத்துக்குச் சொல்ல எனக்குப் பிடித்த கதை 2021-இல் நடந்தது. மதுரையிலிருந்து, ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக எழுதி, தீர்ப்புச் சொல்வதற்கு முன் தானே ஓர் உளவியலாளர் முன் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் விரிவான உத்தரவுகள் வந்தன. அடுத்த ஆண்டு காவலர் நடத்தை விதிகளிலேயே, இவர்களைப் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதியை அரசு சேர்த்தது. ஒரு நீதிபதி பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்றால், 63 வயதில் உங்களுக்கு உறுத்தியது தாமதம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பையனின் வீட்டில் தெரிந்துபோகலாம். போனில் வந்த ஒரு செய்தி போதும். அன்றைக்கு அப்பா முதலில் வந்து நிற்கும் வாசல் உங்களுடையதாக இருக்கும், அதனால் அவன் ஓர் இரவு தங்க வேறொரு வீடு அவனுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மார்க் ஷீட், ஆதார் நகல்கள் அவன் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் வேலைக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். 'மருந்து கொடுத்து மாற்றிவிடுகிறேன்' என்று எந்த டாக்டராவது சொன்னால், அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லலாம். மாற்ற இது நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து 1990-இலேயே எடுத்துவிட்டது. வயது வந்த பிள்ளையைப் பூட்டி வைக்கவும் யாருக்கும் உரிமையில்லை. 2025 மே மாதம் இதே சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணை அவர் விருப்பப்படி போக அனுமதித்தது, தானே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்பதையும் ஏற்றுக்கொண்டது.

அவன் ரொம்பவும் ஒடுங்கிப்போவதாகத் தெரிந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் 14416-க்கு உடன் உட்கார்ந்து அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசச் சேவை, இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் ஒரு எச்சரிக்கை. ஈர்ப்பைப் பற்றி ஒரு பிள்ளை சொன்னால் அது புகார் செய்யும் விஷயம் அல்ல. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர், யாரோ தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னால் போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-இல் வழி சொல்வார்கள். 'யாரிடமும் சொல்லவே மாட்டேன்' என்று சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சத்தியம் செய்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று விட்டுப்போயிற்று. கிளை நூலகங்களில் கழிப்பறை என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், சாவி நூலகரின் மேசை டிராயரில். ஆண்கள் சந்துப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள், பெண்கள் வீடு போகும்வரை அடக்கிக்கொள்வார்கள். கடைவீதித் திருநங்கையும் அந்தத் திருநம்பியும் கூட்டத்தின் நடுவில் எழுந்து போய், எல்லோர் முன்னாலும் சாவி கேட்டு நிற்க வேண்டும். கொடி, கூட்டம் எல்லாம் மெல்ல ஆகட்டும் டீச்சர். வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து, கூட்டம் நடக்கும் ஞாயிறுகளில் சாவியை அதில் மாட்டிவைக்க முடியுமா என்று நூலகரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.